7. கத்திரி வெயிலில் நர்சரி

மரக்கன்று நட ஏற்ற மாதம் எது என்று தமிழ்நாட்டில் எந்த விவசாயியைக் கேட்டாலும் புரட்டாசி, ஐப்பசி என்பார். நம் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. அந்தக் கணக்குப்படி மொத்த விற்பனை நர்சரியில் ஆவணியில்தான் கூட்டம் சேர வேண்டும். ஆனால் சேர்வது சித்திரைக் கடைசியிலும் வைகாசியிலும். கேரளத்தில் ஜூன் 1 வாக்கில் மழை பிடித்துவிடும் என்பதால், அங்கத்திய வியாபாரிகள் மே இரண்டாம் வாரமே வண்டியோடு வந்து நிற்பார்கள். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம். பள்ளி, கம்பெனி, ஊராட்சி எல்லாருக்கும் அன்று கன்று வேண்டும். 1950இல் கே.எம். முன்ஷி தொடங்கிய வன மகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. இதற்கு நடுவே ஓசூர், பெங்களூரு பக்கம் புதுக் கட்டடங்களுக்குத் தோட்டம் போடும் ஒப்பந்தக்காரர்கள் வேறு.

இந்தக் கூட்டமெல்லாம் வந்து விழுவது கத்திரி வெயிலில். மே 4 முதல் 28 வரை, கிணறு அடிமட்டத்தில் கிடக்கும் நாட்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பல வருடம் இந்தத் தொழிலைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கோடையில் நஷ்டப்பட்ட நர்சரிகளில் பெரும்பாலானவை வியாபாரம் இல்லாமல் நஷ்டப்படவில்லை. இடம் இருக்கிறதென்று பை அடுக்கி, கேட்டவருக்கெல்லாம் தலையாட்டி, வைகாசியில் தண்ணீர் போதாமல் நஷ்டப்பட்டவை. ஆகவே ஆர்டர் நோட்டைத் திறப்பதற்கு முன் கிணற்றை அளந்துவிடுங்கள்.

தண்ணீரை அளப்பது

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். 200 லிட்டர் டிரம் ஒன்றும் கைக்கடிகாரமும் போதும். பங்குனியில் ஒரு நாள், மோட்டாரை நான்கைந்து மணி நேரம் ஓடவிட்டு, கடைசியில் அளக்க வேண்டும். போட்டவுடன் அளந்தால் கிணற்றில் இரவெல்லாம் ஊறி நின்ற தண்ணீரைத்தான் அளந்திருப்பீர்கள். டிரம் 4 நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 3,000 லிட்டர். மும்முனை மின்சாரம் நம்பிக்கையாக 6 மணி நேரம் கிடைக்கும் என்றால் நாளைக்கு 18,000. பங்குனிக்கும் வைகாசிக்கும் இடையில் ஊற்று குறையும். அதற்காகக் கால்பங்கைக் கழித்துவிடுங்கள். 13,500 லிட்டர். இதுதான் உங்கள் கைமுதல்.

அடுத்து, ஒரு பை எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க வேண்டும். காலையில் நன்றாகத் தண்ணீர் விட்டு, ஒழுகி முடிந்தபின் பத்துப் பைகளை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை தண்ணீர் விடுவதற்கு முன் அதே பத்தையும் நிறுங்கள். ஒரு கிராம் குறைந்தால் ஒரு மில்லி போனதாகக் கணக்கு. 5க்கு 8 அங்குலப் பையில் முக்கால் அடி உயரக் கன்று என் பண்ணையில் சித்திரையில் 140, 150 மில்லி குடிக்கும். ஓஸ் பிடித்து ஊற்றும்போது பைக்கு வெளியே சிந்துவதையும் சேர்த்தால் 200 என்று வைத்துக்கொள்ளலாம். 13,500 லிட்டரை 200 மில்லியால் வகுத்தால் 67,500 பை. புது விதைப் பாத்திகளுக்கும், ஆட்கள் கைகால் கழுவுவதற்கும் பத்தில் ஒன்றை ஒதுக்கினால் 60,000.

தோட்டத்தில் ஒன்றரை லட்சம் பை நிற்கிறது என்றால், வைகாசியில் 90,000 பைக்குத் தண்ணீர் இல்லை என்று பங்குனியிலேயே தெரிந்துவிடும். அப்போதே தெரிவதில்தான் லாபம் இருக்கிறது. பங்குனியில் சிறு கன்றாகவே மற்ற நர்சரிகளுக்கு விலை குறைத்துத் தள்ளிவிடலாம். 12 ரூபாய்க்குப் போக வேண்டியதை 6 ரூபாய்க்குக் கொடுக்க மனசு வராது. எனக்கும் வந்ததில்லை, முதல் முறை. வைகாசியில் அதே கன்றைக் குப்பையில் கொட்டிவிட்டுப் பையைக் கிழித்து மண்ணை மீட்டெடுத்தபோது வந்தது.

டேங்கர் தண்ணீர் வாங்குவதைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டால் அவ்வளவு பயமில்லை. 12,000 லிட்டர் லாரி உங்கள் ஊரில் 2,000 ரூபாய் என்று வைத்தால், 60,000 பைக்கு ஒரு நாள் வரும். பைக்கு 3 பைசா சொச்சம். ஒரு மாதத்துக்கு ஒரு ரூபாய். அட்வான்ஸ் வாங்கிய, தேதி குறித்த செடிக்கு இந்த ஒரு ரூபாயைத் தாராளமாகச் செலவழிக்கலாம். எவன் வாங்குவான் என்று தெரியாத செடிக்கு டேங்கர் விடுவது சூதாட்டம்.

தண்ணீரின் அளவோடு குணத்தையும் பாருங்கள். கோடையில் போர் இறங்க இறங்க உப்பு ஏறும். பையின் மேல்மண்ணில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதும், மா, எலுமிச்சைக் கன்றுகளின் இலை நுனி கருகுவதும் அதன் அடையாளம். உப்பை அளக்கும் ஈ.சி. மீட்டர் பேனா அளவில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வையுங்கள். 1 வரை கவலையில்லை. 2ஐத் தாண்டினால் மாவுக்கு அந்தத் தண்ணீரைக் காட்டாதீர்கள். புங்கன், வேம்பு, பூவரசு, சவுக்கு போன்றவை தாங்கும். நல்ல தண்ணீர் குறைவாக இருந்தால் அதை ஒட்டுச் செடிக்கு ஒதுக்கிவிட்டு, உப்புத் தண்ணீரை இவற்றுக்குத் திருப்புங்கள். உப்புத் தண்ணீர் குடிக்கும் பைகளுக்கு வாரம் ஒரு முறையாவது அடியில் வழியும் அளவு ஊற்றி உப்பைக் கழுவி இறக்க வேண்டும். தினமும் மேலாகத் தெளித்து மிச்சம் பிடிப்பவர்கள்தான் வேரடியில் உப்பைச் சேர்த்துவைக்கிறார்கள்.

ஊற்றும் விதம்

விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடிய வேண்டும். மாலையில் இரண்டாம் தண்ணீர் சிறு பைகளுக்கும், புதிதாக ஒட்டுக்கட்டியதற்கும் மட்டும். வெயிலில் கிடந்த ஓஸில் நிற்கும் தண்ணீர் கையைச் சுடும். முதலில் அதைத் தரையில் விட்டுவிட்டுப் பிறகுதான் பாத்திக்குத் திருப்ப வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒருவன் மாலை நான்கு மணிக்கு ஓஸைத் திறந்து நேரே பப்பாளி நாற்றின் மேல் பிடித்தான். முதல் இரண்டு வரிசையும் வெந்த கீரைபோல் மடங்கிவிட்டன. பையனைக் குறை சொல்லிப் பயனில்லை, நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு நாள் தண்ணீர் தவறிக் காய்ந்த பையில் மண் சுருங்கி, பையின் ஓரத்தில் இடைவெளி விழுந்துவிடும். அதன்பின் எவ்வளவு ஊற்றினாலும் அந்தச் சந்து வழியாக இறங்கி அடியில் ஓடிவிடும். மேலே ஈரம், அடியில் ஈரம், நடுவில் வேர் இருக்கும் இடம் தூசி. இப்படிப்பட்ட பாத்திக்கு முதலில் லேசாக ஒரு சுற்று விட்டு, இருபது நிமிடம் கழித்து மறுசுற்று விடுங்கள். முதல் தண்ணீரில் மண் இளகி, இரண்டாவதை வாங்கிக்கொள்ளும்.

எல்லாப் பாத்தியிலும் முதலில் வாடுவது ஓரத்து வரிசை. கறுப்புப் பையில் மேற்கு வெயில் பட்டால் உள்ளே வேர் வெந்து செத்துவிடும். பையைக் கிழித்துப் பார்த்தால் மேற்குப் பக்க வேர் பழுப்பாகவும் கிழக்குப் பக்க வேர் வெள்ளையாகவும் இருப்பதைக் காணலாம். பாத்தியைச் சுற்றிப் பையின் முக்கால் உயரத்துக்கு மண் அணைத்துவிடுங்கள். கோடைப் பாத்தியை மேட்டில் போடாமல் அரையடி பள்ளம் பறித்து அதற்குள் பையை அடுக்கினால் இந்தத் தொல்லையே குறையும். பை வாயில் நிலக்கடலைத் தொலியோ தென்னை நார்க்கழிவோ ஒரு விரல் கனம் போட்டால் தண்ணீர் கணிசமாக மிச்சமாகும்.

நிழல்வலை எல்லாவற்றுக்கும் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். மா ஒட்டு, அழகுச்செடி, முளைத்து மூன்று வாரம் ஆகாத நாற்று ஆகியவற்றுக்கு 50 சதவீத வலை சரி. தேக்கு, புங்கன், வேம்பு ஆகியவற்றை வலைக்குக் கீழே வளர்த்தால் சவலைப்பிள்ளைபோல் நீண்டு, சாலையோரம் நட்ட மறுவாரம் சாயும். வலையை எட்டடிக்குக் குறையாமல் கட்டுங்கள். தாழக் கட்டிய வலைக்குள் அனல் தங்கும். மேற்கே தொங்கவிட்டு, கிழக்கைத் திறந்துவையுங்கள். மா மரத்தில் பிஞ்சையெல்லாம் உதிர்க்கும் சித்திரைச் சூறைக்காற்று உங்கள் வலையையும் விட்டுவைக்காது. கம்பியில் நிரந்தரமாகத் தைத்துவிடாமல், இழுத்தால் சுருளும்படி கயிற்றில் கோத்தால் வலை பிழைக்கும்.

பூச்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோடையில் வருவது செம்பேனும் மாவுப்பூச்சியும். இலையின் அடிப்பக்கத்தில் விடியற்காலையில் தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே செம்பேன் பாதி குறையும். வேப்பெண்ணெய்க் கரைசலை வெயில் ஏறியபின் தெளித்தால் பூச்சியோடு இலையும் கருகும்.

வேர் அறுப்பு

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடம் இருந்தால், இதை வையுங்கள். கோடையில் பைக்குள் ஈரம் குறைந்தவுடன் வேர் அடித்துளை வழியே தரைக்குள் இறங்கிவிடும். வெளியே பார்த்தால் அந்தப் பாத்திதான் பச்சைப்பசேலென்று செழித்திருக்கும். தண்ணீரே தவறினாலும் வாடாது. வாங்க வருபவரும் அதையே காட்டி, "இந்தப் பாத்தியிலிருந்து கொடுங்க" என்பார். அது பையில் வளரும் செடி இல்லை, உங்கள் நிலத்தில் வளரும் செடி. பிடுங்கித் தூக்கும்போது ஆணிவேர் 'பட்'டென்று அறும். பைக்குள் மிஞ்சுவது நாலைந்து மயிர் வேர்.

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு 4,000 புங்கன் கொடுத்தேன். வண்டி வந்த அன்று காலையில்தான் பிடுங்கினோம். தலைமை ஆளாக இருந்த அக்கா ஒரு பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, வேரு பூரா கீழயே நின்னுபோச்சுப்பா. பதினஞ்சு நாளு போவட்டும்னு சொல்லு" என்றார். வாசலில் வண்டி நிற்கிறது, டிரைவர் அவசரப்படுகிறார். "பரவால்லக்கா, புங்கன்தானே, பொழைச்சுக்கும்" என்றேன். ஒரே வாரத்தில் பாதிக்கு மேல் காய்ந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதன்பின் அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததில் நியாயம் இருக்கிறது.

ஆகவே ஆர்டரில் தேதி எழுதும்போதே இன்னொரு தேதியையும் எழுதுங்கள்: லோடு நாளுக்கு 20 நாள் முன்னால் வேர் அறுப்பு. அன்று ஒவ்வொரு பையாகத் தூக்கி, அடியில் நீட்டிய வேரைக் கத்தரியால் வெட்டி, உயரவாரியாகப் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். முதல் மூன்று நாள் நிழலில் வைத்து இருவேளை தண்ணீர். சில செடி இலையுதிர்க்கும்; பயப்பட வேண்டாம், துளிர்க்கும். துளிர்க்காதது உங்கள் கண் முன்னே சாகட்டும், வாங்கியவர் கண் முன்னே சாகக் கூடாது. பத்தாவது நாளிலிருந்து வெயிலுக்கு நகர்த்தி, தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாளாக்குங்கள். பத்துக்கு ஒன்று கழியும் என்று வைத்து, 5,000 ஆர்டருக்கு 5,600 பையை இப்படித் தயார் செய்ய வேண்டும். மாதம் ஒரு முறை பையை நகர்த்தி அடுக்கிவரும் நர்சரியில் இந்தச் சேதம் மிகவும் குறைவு. கூலி பார்த்து நகர்த்தாமல் விட்டவர்களுக்குத்தான் கடைசியில் சேதம் கூடிவருகிறது.

வெளியூர்ச் செடி

அழகுச்செடிகளை ராஜமுந்திரிக்குப் பக்கத்துக் கடியத்திலிருந்து வாங்கி விற்பவர்கள் நம்மில் பலர். கோதாவரிக் கரையின் களிமண் உருண்டையோடு அவை வரும். அந்த ஊர் ஈரத்தில் களிமண் நன்றாக நிற்கும். நம் வெயிலில் செங்கல்லாக இறுகி, தண்ணீரை உள்ளே விடாது. இறக்கியவுடன் பையோடு தொட்டித் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை அமுக்கி எடுங்கள். பிறகு ஒரு கம்பியால் நாலைந்து இடத்தில் ஆழமாகக் குத்தி, துளையில் நார்க்கழிவை நிரப்புங்கள். பத்து நாள் நிழலில் வைத்த பிறகுதான் விற்பனை. கத்திரியில் பை மாற்றும் வேலையே வேண்டாம், ஆடி வரட்டும்.

அதே வாரங்களில் விதை

செடி விற்கும் மும்முரத்தில் விதையை மறந்துவிடுகிறோம். வேப்பம்பழமும் நாவல்பழமும் இந்தக் கோடையின் வாலில்தான் உதிரும். வேப்ப விதை சதை நீக்கி நிழலில் உலர்த்திய இரண்டு மூன்று வாரத்துக்குள் மண்ணுக்குள் போய்விட வேண்டும்; நாவலும் அப்படியே. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று சாக்கில் கட்டி வைத்தால் முளைக்காது. மாங்கொட்டையும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் ஜூன், ஜூலையில் கொட்டை மலைபோல் குவியும். சொல்லிவைத்தால் வண்டிக்கூலியோடு கிடைக்கும். ஓட்டை உடைத்துப் பருப்பை மட்டும் விதைத்தால் சீராக முளைக்கும். அடுத்த வருடத்து ஒட்டுக்கட்டுக்கு வேர்ச்செடி இதுதான். முன்னே தண்ணீரில் பத்தில் ஒன்றை ஒதுக்கச் சொன்னது இந்தப் பாத்திகளுக்காக.

ஆட்கள்

கோடை நர்சரி நடப்பது பெண்களின் கையில். களை எடுப்பது, பை நகர்த்துவது, ஒட்டுக்கட்டுவது எல்லாம் அவர்களே. பதினொரு மணிக்கு மேல் யாரையும் வெயிலில் நிறுத்தாதீர்கள். காலை ஐந்தரை முதல் பத்தரை, மாலை நான்கு முதல் ஆறரை என்று வேலையைப் பிரித்தால் எட்டு மணி நேரத்து வேலை ஏழரையில் முடிகிறது. நடுப்பகலில் விருப்பப்பட்டவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து பை நிரப்பலாம். அதற்கு எண்ணிக்கைக் கூலி தனி. பத்து மணிக்கு உப்புப் போட்ட நீர்மோர் ஒரு குடம் தயாராக இருக்க வேண்டும். கழிப்பறை இல்லாத நர்சரியில் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்வார்கள். கத்திரியில் அது ஆளைச் சாய்த்துவிடும். நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்று புலம்பும் முதலாளிகள் பலரின் தோட்டத்தில் ஒதுங்க ஒரு மறைவு கூட இருக்காது.

லோடும் தேதியும்

லோடுக்கு முந்தைய நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். ஏற்றும் நேரத்தில் ஊற்றினால் மண் சேறாகி உருண்டை உடையும், பாரமும் கூடும். செம்மண் பை ஒன்று ஒன்றேகால் கிலோ என்றால் 5,000 பை ஆறு டன்னுக்கு மேல். சின்ன வண்டியை வரச் சொல்லிவிட்டு வாசலில் நின்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. சூரியன் சாய்ந்தபின் ஏற்றி, இரவில் ஓடி, விடிவதற்குள் இறக்க வேண்டும். தார்ப்பாயை முழுக்க இழுத்துக் கட்டினால் உள்ளே அவிந்துவிடும். கட்டாமல் விட்டால் எண்பது கிலோமீட்டர் வேகக் காற்று இலையை உலர்த்திவிடும். முன்பக்கமும் மேலேயும் மூடி, பின்பக்கம் ஒரு சாண் திறந்து வைப்பது என் வழக்கம். டிரைவர் சாப்பிட நிறுத்தினால் வெயிலில் நிறுத்தக் கூடாது என்பதைச் சொல்லி அனுப்புங்கள். பகலில் போகிற வண்டியென்றால் இரண்டு முறை சொல்லுங்கள்.

பணத்தில் ஒரே விதி: பாதி அட்வான்ஸ் இல்லாமல் தேதி இல்லை. தேதி தாண்டினால் செடிக்கு வாரம் 50 பைசா பராமரிப்புக் கூலி என்று ரசீதிலேயே அச்சடித்துவிடுங்கள். வசூலிக்கிறீர்களோ இல்லையோ, அந்த வரி இருந்தால் வாங்குபவர் தேதியை மதிப்பார். ஒரு முறை 10,000 கன்று கேட்ட ஒரு அலுவலகம், திறப்பு விழாவுக்கு வர வேண்டியவருக்கு நேரம் அமையவில்லை என்று மூன்று முறை தள்ளிப் போட்டது. அட்வான்ஸ் வாங்கவில்லை. அந்தக் கன்றுகள் குடித்த தண்ணீர் இருந்திருந்தால் என் மா ஒட்டு முழுக்கப் பிழைத்திருக்கும்.

ஜூன் 5க்கு மொத்தமாகக் கேட்பவர்களிடம் நான் இப்போது நேராகவே பேசுகிறேன். "சார், படத்துக்கு அன்னைக்கு அம்பது செடி எடுத்துட்டுப் போங்க. மீதியைப் புரட்டாசியில நான் ஏத்தி அனுப்பறேன். விலை இதே விலைதான்." பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள். செடி பிழைப்பது அவர்களுக்கும் கணக்கு காட்ட உதவுகிறது. எனக்கு ஆர்டர் இரண்டாகப் பிரிகிறது, அட்வான்ஸ் கையில் இருக்கிறது. டேங்கருக்கு அது போதும். வேண்டாம், எல்லாம் அன்றைக்கே வேண்டும் என்பவருக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. முதல் மழை பெய்த மறுநாள், தண்ணீர் ஊற்றுகிற ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நெருக்கி அடுக்கிய பாத்தியில் இலை குடைபோல் மூடியிருக்கும். மழை இலையில் விழுந்து சந்தில் வழிந்துவிடும். தரை சேறாக இருந்தாலும் பைக்குள் புழுதியாக இருக்கும். பாத்தியின் நடுவில் பத்துப் பையில் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டாவது கணு வரை ஈரம் இல்லை என்றால் மோட்டாரைப் போடுங்கள்.